சூடத்தில் கட்டிய ஓட்டு

பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு ஆய்வேட்டுக்கு எங்கள் சட்டமன்றத் தொகுதியின் தேர்தல் வரலாற்றை எடுத்துக்கொண்டேன். புக்கிட் கெராஞ்சித் தொகுதி. 1959 முதல் 1986 வரை ஏழு தேர்தல்கள். யார் நின்றார்கள், யார் வென்றார்கள், எத்தனை ஓட்டு வித்தியாசம் என்பதையெல்லாம் அட்டவணையாகப் போட்டுக் கொடுத்தேன். விரிவுரையாளர் கடைசி வரியின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினார்.

1986இல் வென்றவருக்குக் கிடைத்த பெரும்பான்மை 173. எங்கள் ஏழாங்கட்டைத் தோட்டத்தில் மட்டும் அன்று 296 பேர் ஓட்டுப் போட்டார்கள். தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்புதான் லயத்தை, அதாவது குடியிருந்த வரிசை வீடுகளை, காலி செய்யச் சொல்லி அவர்களுக்கு நோட்டீஸ் வந்திருந்தது. அதைத் தடுப்பேன் என்று முந்தைய தேர்தலில் வாக்குக் கொடுத்து, நோட்டீஸ் வந்தபின் எட்டிக்கூடப் பார்க்காதவர்தான் வென்ற வேட்பாளர். இதையும், தோட்டத்து ஓட்டெல்லாம் அவருக்கே விழுந்தது என்பதையும் அட்டவணைக்குக் கீழே குறிப்பாக எழுதியிருந்தேன். ‘இவர்கள் ஏன் அவருக்கே போட்டார்கள்?’ என்பது கேள்வி.

‘கட்சியின் மீதிருந்த நெடுநாள் விசுவாசம்’ என்று எழுதினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. நான் எழுதியது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். உண்மையான விடை காளியண்ணன் மாமா. ஒரு மனிதரை அடிக்குறிப்பில் எப்படிப் போடுவது என்று தெரியாததால் அன்று அவரை விட்டுவிட்டேன்.

அவர் என் சொந்த மாமா இல்லை. என் அம்மா வள்ளியம்மா அவரை அண்ணன் என்று கூப்பிட்டதால் எனக்கு மாமா. ஏழாங்கட்டையிலேயே பிறந்தவர். அவருடைய அப்பாவை ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போடக் கூட்டிப்போனார்கள், திரும்பவில்லை. தோட்டப் பள்ளியில் நான்காவது வரை படித்துவிட்டுப் புல் வெட்டப் போனார். பிறகு பால்மரம் சீவினார். 1961இல் மண்டோர் ஆனார். ஒரு கூட்டத்துத் தொழிலாளர்களை மேய்க்கும் வேலை. விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார். அதற்குப் பெரட்டு என்று பெயர். அவர் கூப்பிடும் குரல் மூன்றாவது லயம் வரை கேட்கும்.

முதல் தேர்தலில் எங்கள் தோட்டத்தில் ஓட்டு இருந்தது நாற்பத்தொரு பேருக்குத்தான். மற்றவர்களிடம் குடியுரிமை இல்லை, குடிமக்கள் அல்லாதவர்களுக்குத் தரும் அடையாள அட்டையான சிவப்பு ஐ.சி. வைத்திருந்தார்கள், சிலரிடம் அதுவும் இல்லை. காளியண்ணன் மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய்த் தகரப்பெட்டிகளைத் திறக்கச் சொல்லிப் பிறந்த பத்திரம் தேடினார். இல்லாதவர்களுக்குச் சாட்சி பிடித்தார். லீவு நாளில் வேலைசெய்து, பதிலுக்கு வாரநாளில் லீவு வாங்கி, பத்துப் பேராகக் கோல சிலாங்கூர் பதிவு அலுவலகத்துக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனார். மலாய் கேள்விகளுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே சொல்லிக்கொடுப்பார். ‘பெயர் என்னன்னு கேட்டா பெயரைச் சொல்லு, வயசைச் சொல்லாதே லா’ என்று அவர் கத்தியதை அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார். 1982க்குள் ஓட்டு முந்நூறைத் தாண்டியது. தொகுதியின் வரலாற்றில் அந்த முந்நூறு ஓட்டு எப்படி வந்தது என்று எந்த ஆவணத்திலும் இல்லை. அவர் உண்டாக்கிய ஓட்டு அது.

இன்னொரு வேலையும் அவருக்கு இருந்தது. தோட்டத்தில் யாராவது குடியை விட வேண்டும் என்றால் அவரிடம்தான் வருவார்கள். தோட்டத்தின் கோடியில் முனீஸ்வரர் கல் இருந்தது. அதன் முன்னால் அவர் சூடம் ஏற்றுவார். குடிகாரன் எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்ல வேண்டும்: ‘என் உசிரு இருக்கிற வரைக்கும் தொட மாட்டேன்.’ அதற்குக் கள்ளுச் சத்தியம் என்று பெயர். அப்பளசாமி என்பவர் 1973இல் சத்தியம் செய்து, மூன்றாவது வாரம் குடித்துவிட்டு, வடிகாலில் குப்புறக் கிடந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர். எங்கள் தோட்டத்தில் அதை ஒருவரும் நம்பவில்லை.

சத்தியத்தை இறக்கவும் வழி உண்டு. வாங்கியவரே ஈரத்துணியோடு நின்று, சத்தியம் செய்தவரின் கையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, ‘உன் சத்தியம் என் தலைமேல’ என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு பழி சத்தியம் வாங்கியவருக்கும் அவர் வாரிசுக்கும் போய்விடும். காளியண்ணன் மாமா ஒரே ஒரு தடவை இறக்கினார். 1968இல், மரம் விழுந்து முதுகு ஒடிந்த ஒருவன், வலி தாங்கவில்லை, கள்ளாவது குடிக்க விடுங்கள் என்று அழுதான். பரிதாபப்பட்டு இறக்கினார். அதே ஆண்டு அவர் மனைவி இராஜம்மா இரண்டாவது பிரசவத்தில் குழந்தையோடு இறந்துபோனார். மூத்த பெண் அம்சவள்ளிக்கு அப்போது நான்கு வயது. அவளும் நானும் ஒரே வகுப்பில் படித்தோம்.

1982 ஏப்ரலில், தேர்தலுக்கு முந்தைய வாரம், ஒய்.பி. தோட்டத்துக்கு வந்தார். எங்கள் சட்டமன்ற உறுப்பினரை அப்படித்தான் சொல்வோம். தோட்டத்தை விற்கப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போதே கிளம்பியிருந்தது.

“தோட்டத்த வித்தாலும் லயம் இருக்கிற ஆறு ஏக்கர் உங்களுக்குத்தான். நான் பேசி வாங்கித் தர்றேன்” என்றார். பிறகு காளியண்ணன் மாமாவைத் தனியே கூப்பிட்டார். “முந்நூறு ஓட்டுங்கிறீங்க. எல்லாப் பெட்டியையும் டவுன் மண்டபத்துல ஒண்ணாக் கொட்டி எண்ணுறான். உங்க ஓட்டு எனக்கு விழுந்துச்சான்னு நான் எப்படி மண்டோர் தெரிஞ்சுக்கிறது?”

“தெரிய வைக்கிறேன் ஒய்.பி.” என்றார் இவர்.

மறுநாள் மாலை பெரட்டுப் போலவே எல்லாரையும் முனீஸ்வரர் முன்னால் வரிசையாக நிறுத்தினார். பெயர் கூப்பிட்டார். ஒவ்வொருவராக வந்து சூடத்தில் அடித்தார்கள். ஓட்டுக்கென்று தனி வாசகம் எங்கே இருக்கிறது? அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். கள்ளுச் சத்தியத்தின் வாசகத்தையே சொன்னார். ‘என் உசிரு இருக்கிற வரைக்கும் வேற சின்னத்தத் தொட மாட்டேன்.’ ‘இந்தத் தேர்தலுக்கு மட்டும்’ என்று ஒரு வார்த்தை சேர்க்க அவருக்குத் தோன்றவில்லை. முந்நூறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பதினெட்டு வயதில் அங்கே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை. ஒய்.பி. மாலை போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். அவரைச் சூடத்தில் அடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அந்தத் தேர்தலில் அவர் இரண்டாயிரத்துச் சொச்ச ஓட்டில் வென்றார். 1984இல் தொகுதி எல்லையைத் திருத்தினார்கள். தஞ்சோங் காராங் பக்கத்து வயல் கிராமங்கள் சில அடுத்த தொகுதிக்குப் போயின. வழக்கமாக அவருக்கு விழும் ஓட்டு அவற்றோடு போயிற்று. இனி எங்கள் முந்நூறு ஓட்டு இல்லாமல் வெல்ல முடியாது என்ற நிலை வந்தது. 1985இல் தோட்டம் கைமாறியது. அடுத்த ஜூனில் நோட்டீஸ் வந்தது.

காளியண்ணன் மாமா ஒய்.பி.யின் சேவை மையத்துக்கு ஐந்து தடவை போனார். மீட்டிங் என்றார்கள், சிங்கப்பூர் என்றார்கள், தேர்தல் முடியட்டும் என்றார்கள். எதிர்த்து நின்றவர் கிள்ளானிலிருந்து வந்த ஒரு வக்கீல். லயத்தை உடைக்காமல் கோர்ட்டில் தடை வாங்குகிறேன் என்றார். “ஆனா ஒண்ணு. நீங்க ஓட்டுப் போடாத ஆளு உங்களுக்காகப் போய் நின்னா எவன் மதிப்பான்?” என்றும் கேட்டார். அவர் சொன்னது எல்லாருக்கும் புரிந்தது. கை மட்டும் கட்டப்பட்டிருந்தது.

தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு, ஞாயிறு மாலை, முனீஸ்வரர் கல்லுக்கு முன்னால் கூட்டம் கூடியது. நான் அந்த வார இறுதியில் வீட்டுக்கு வந்திருந்தேன். பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை அறுக்கும் சேது முதலில் பேசினான்.

“மண்டோரே, கட்டுனது நீங்க. அவுத்து விடுங்க.”

“அவுக்கிறதுக்கு என்ன மாட்டுக் கயிறாடா அது?”

“மாடாத்தானே நாலு வருசம் நின்னோம்!”

சிலர் சிரித்தார்கள். காளியண்ணன் மாமா சிரிக்கவில்லை.

“நானும்தான் அடிச்சேன்” என்றான் சேது. “மீறிப் போட்டா எனக்கு ஒண்ணும் பயமில்ல. ஆனா எங்கம்மா தூக்குல தொங்கிடுவேங்குது. இங்க நிக்கிற எல்லா வீட்டுலயும் இதே கதைதான். நீங்க ஒரு செம்புத் தண்ணி ஊத்துனா முடிஞ்சுபோச்சு.”

“யாருக்கு முடிஞ்சுபோச்சு?”

அவர் யாரை நினைத்துக் கேட்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். அம்சவள்ளிக்கு ஏற்கெனவே இரண்டு கரு கலைந்திருந்தது. மூன்றாவது நின்று, ஏழாம் மாதம். பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். கர்ப்பிணிகள் முனீஸ்வரர் பக்கம் வரக்கூடாது என்பதால் அன்று அங்கே இல்லை.

“லயம் போனா இன்னொரு கூரை தேடிக்கலாம்” என்றார் காளியண்ணன் மாமா. குரல் பெரட்டுக் குரல் இல்லை. “ஒரு தடவை இறக்கிட்டு நான் பட்டது போதும். மன்னிச்சிடுங்க.”

“முந்நூறு பேரு கூரைய நீங்க ஒருத்தரே வித்துட்டுப் போறீங்க” என்றான் சேது.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவரை யாரும் மறிக்கவில்லை. எதிர்ப்பட்ட பெண்கள் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் வாதாடினேன். “ரகசிய ஓட்டும்மா. நீ யாருக்குப் போட்டேன்னு ஒருத்தருக்கும் தெரியாது.”

“மனுசனுக்குத்தாண்டி ரகசியம். சாமிக்கு என்ன ரகசியம்?”

“அப்ப வீடு போகட்டுமா?”

“நீ யாருக்குப் போடப் போறே?”

நான் வாக்காளராகப் பதிவு செய்திருக்கவில்லை. இருபத்திரண்டு வயதில், தேர்தலைப் பாடமாகப் படித்துக்கொண்டே, அந்தப் பதிவுப் படிவத்தை நிரப்ப நேரமில்லை என்று விட்டிருந்தேன். அதைச் சொன்னேன்.

“பின்ன என்னா லா பேச்சு? தட்ட எடுத்து வை” என்றார் அம்மா.

மறுநாள் காலை பஸ் ஏறும்முன் அம்சவள்ளி வீட்டைக் கடந்துதான் போனேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். “என்னடி, அதுக்குள்ள கிளம்பிட்டே?” என்று கேட்டாள். முந்தைய மாலை நடந்ததை அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. சொல்லலாமா என்று நினைத்தேன். வயிற்றைப் பார்த்தேன். “கிளாஸ் இருக்குடி” என்று சொல்லிவிட்டுப் போனேன். அவளைக் காப்பாற்றுவதாக அன்று எண்ணிக்கொண்டேன். அவளையும் கேட்க வேண்டிய ஒரு முடிவை அவளைக் கேட்காமல் எடுத்தவர்களில் நானும் ஒருத்தி என்று இப்போது நினைக்கிறேன்.

ஓட்டுப்போடும் நாளன்று காளியண்ணன் மாமா வழக்கம்போல ஆறு மணிக்குப் பெரட்டுக் கூப்பிட்டாராம். ஒவ்வொரு பெயருக்கும் ‘இருக்கேன்’ என்று பதில் வந்தது. தமிழ்ப் பள்ளிக்கு வரிசையாக நடந்தார்கள். அம்மா உள்ளே போனார், நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்குமான இரண்டு சீட்டிலும் சத்தியம் செய்த சின்னத்துக்கே பென்சிலால் பெருக்கல் குறி போட்டார், வெளியே வந்து குழாயடியில் வெகுநேரம் கையைக் கழுவினார். சேதுவும் அப்படியே போட்டான். அவனே பிறகு என்னிடம் சொன்னான்: “பென்சில எடுத்தேன். எங்கம்மா கழுத்துல கயிறு தெரிஞ்சிச்சு.”

நூறு பேர் மாற்றிப் போட்டிருந்தால் அவர் தோற்றிருப்பார். தோற்றிருந்தால் லயம் நின்றிருக்குமா? எனக்குத் தெரியாது. வக்கீலும் சொன்னதைச் செய்திருப்பார் என்று சொல்ல முடியாது. ஆனால் எதிர்த்து ஒரு தடவை கையை ஓங்கிப் பார்த்தோம் என்றாவது அந்த மனிதர்களுக்கு இருந்திருக்கும். அதுவும் இல்லாமல் போயிற்று.

அக்டோபரில் அம்சவள்ளிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ, எந்தக் குறையும் இல்லை. என் அம்மாதான் பிரசவத்துக்குக் கூடப் போனார். லெட்சுமி என்று பெயர் வைத்ததும் அம்மாதான்.

பிப்ரவரியில் லயத்தை உடைத்தார்கள். ஒய்.பி. வரவில்லை, ஒரு லோரியை அனுப்பி, சாமான் ஏற்ற உதவி என்றார். சாமான் கட்டிக்கொண்டிருந்த அன்று குழாயடியில் தண்ணீர் பிடிப்பதில் யாரோ ஒருத்திக்கும் அம்சவள்ளிக்கும் வாய்ச்சண்டை.

“உம் புள்ளைய நீ நல்லாக் கொஞ்சு. முந்நூறு பேரு வீட்டத் தின்னுட்டுப் பொறந்த புள்ள” என்றாள் அவள்.

அம்சவள்ளிக்குப் புரியவில்லை. கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அம்சவள்ளி குழந்தையோடு நேரே வீட்டுக்குப் போனாள். காளியண்ணன் மாமா கட்டிலைப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டாளாம்.

“என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“எதும்மா?”

“எம் வயித்துல இருந்தது. எம் புள்ள. எனக்குப் பயமிருக்கா இல்லையான்னு என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களாப்பா?”

“கேட்டிருந்தா நீ இறக்கச் சொல்லியிருப்பே.”

“சொல்லியிருப்பேன்.”

“அதான் கேக்கல” என்றார்.

அவள் அன்றே குழந்தையோடு ராவாங்கிலிருந்த கணவன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் பத்தாங் பெர்ஜுந்தையில் ஒரு அறை எடுத்துத் தனியாகத் தங்கினார். தோட்டத்துச் சனம் சிதறியது. ராவாங் தொழிற்சாலைகளுக்குப் பாதிப்பேர் போனார்கள், என் அம்மா உட்பட. சிலர் பாசிர் பெனம்பாங்கில் மீன் தரம் பிரிக்கப் போனார்கள். சேது சபாக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போனான். ஓட்டும் அவர்களோடு சிதறியது. ஒரு மனிதர் இருபது வருடம் லீவு நாளெல்லாம் செலவழித்துச் சேர்த்த ஓட்டு.

1987 ஆகஸ்டில் ஒரு காலை ராவாங்கில் எங்கள் வாடகை வீட்டுக்குக் காளியண்ணன் மாமா வந்தார். நான் பட்டம் முடித்து, வேலை தேடிக்கொண்டு வீட்டில் இருந்தேன். அவர் இளைத்திருந்தார். வேட்டி ஈரமாக இருந்தது. மழை இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குழாயில் நனைத்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கையில் மூடி போட்ட ஒரு செம்பு.

“வள்ளி, கைய நீட்டு” என்றார் வாசலிலேயே.

அம்மாவுக்கு உடனே புரிந்தது. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“என்னாண்ணே இது?”

“இறக்கிடறேன். எல்லாருக்கும் இறக்கிட்டு வர்றேன். பதினேழு வீடு போயிட்டேன்.”

“எத்தன பேரு இறக்கிக்கிட்டாங்க?”

“நாலு.”

“மத்தவங்க?”

“கதவத் தொறக்கல. தொறந்தவங்களும் வேணாம்னுட்டாங்க.” அவர் செம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அம்சாதான் செய்யச் சொன்னா. செஞ்சுட்டு வந்து பேசுங்கன்னா.”

“அண்ணே, உள்ள வந்து தேத்தண்ணி குடிங்க.”

“மொதல்ல கைய நீட்டு. அடுத்த எலெக்சன்ல உனக்குப் பிடிச்ச ஆளுக்குப் போடு. உன்னைக் கட்டி வெச்ச பாரம் எனக்கு வேணாம் வள்ளி. தூங்க முடியல.”

அம்மா அசையவில்லை. நான் கூடத்தில் நின்று இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்வதைக் கேளுங்கள், கையை நீட்டுங்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சத்தியம், பழி எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் லெட்சுமி நினைவுக்கு வந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

“இறக்குனா யாரு தலையில ஏறும்னு எனக்குத் தெரியாதா?” என்றார் அம்மா. “அந்தப் புள்ளைய மொதல்ல கையில வாங்குனவ நானு. பத்து மாசம். இன்னும் எழுந்து நிக்கல. வீடு போயிடுச்சு, போனது போனதுதான். அது நடக்கட்டும், ஓடட்டும், பள்ளிக்கூடம் போகட்டும். அப்புறம் வாங்க.”

“அதுக்குள்ள எலெக்சன் வந்துடும்.”

“வரட்டும். அந்தச் சின்னத்துக்கே போட்டுட்டுப் போறேன்.”

“வீட்ட ஒடச்சவனுக்கா?”

“ஆமாண்ணே. வீட்ட ஒடச்சவனுக்கு.”

 மற்ற வீடுகளிலும் இதே பதில்தானா என்று நான் அவரிடம் கேட்டேன். திறந்த வீடுகளில் அநேகமாக இதேதான் என்றார். திட்டினால் தாங்கிக்கொள்வேன், இதைத் தாங்க முடியவில்லை என்றார்.

தேநீர் குடித்தார். அம்மா வற்புறுத்தி இரண்டு தோசை தின்ன வைத்தார். பிறகு செம்பைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்து, சபாக் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னைக் கேட்டார். சேது இறக்கிக்கொள்வான் என்று அவருக்கு நம்பிக்கை இருந்தது. ராவாங்கிலிருந்து சபாக்குக்கு நேர் பஸ் கிடையாது, இரண்டு மாற வேண்டும் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, ஈர வேட்டியோடு வெயிலில் இறங்கி நடந்தார்.